செவப்புச்சீட்டும் தாய்மாமன் மடியும்

“யாரும் ஏறக் கூடாது. வீட்டுக்காரரும் ‘யாரும்’ என்பதில் அடக்கம். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காலை 7.10. அடுத்த சோதனை: ஏழு நாள் கழித்து.”

உள்ளங்கை அகலமுள்ள சிவப்பு அட்டையில், நீல மையில், அச்சடித்த மாதிரி கையெழுத்தில் இருக்கும் இந்தக் குறிப்பை என் மூன்றாவது நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அட்டையின் ஒரு மூலை கிழிந்திருக்கிறது. கிழித்தவர் என் தங்கையின் கணவர். எழுதி மாட்டியவர் செவப்புச்சீட்டு.

எங்கள் ஊர் அரிமளத்தில் தரையைத் தவிர வேறு எதையுமே நம்பாத ஒரே மனிதர் செவப்புச்சீட்டுதான். தரையையும் முழுசாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் அதையும் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நடப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருப்பதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார். ஊரில் யாரும் அதைக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. மனிதர் இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்தவர். அங்கே அவருக்கு வேலை, சாரம் பார்ப்பது. பெரிய கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாயில் சாரம் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் இவர் போய் ஆட்டிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு மாட்டுவார், ஆட்கள் ஏறலாம். சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு. அது தொங்கினால் கம்பெனி முதலாளியே வந்தாலும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானாம். கணக்கு முடித்து ஊர் திரும்புகிறவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் பால் பவுடரும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சீட்டு கொண்டுவந்தார். பாதி சிவப்பு, பாதி பச்சை.

பச்சைச் சீட்டுக் கட்டின் ரப்பர் பேண்ட் கழற்றப்படவே இல்லை.

முதல் பலி கடைவீதியில் இருந்த டீக்கடை பெஞ்சு. டீ சொல்லிவிட்டு எல்லாரும் உட்காருவார்கள். இவர் டீ சொல்லிவிட்டுப் படுத்தார், பெஞ்சுக்கு அடியில்.

“என்னங்க, சில்லறை கில்லறை விழுந்துருச்சா?” என்றார் கடைக்காரர்.

“ஆணி விழுந்துருச்சு. இந்தக் காலுக்கு நாலு ஆணி இருக்கணும். மூணுதான் இருக்கு.”

“மூணு வருசமா அப்பிடித்தாங்க இருக்கு. ஒரு ஆளும் விழுகல.”

“விழுகாததெல்லாம் உறுதின்னு ஆயிருமா? இன்னும் சரியான ஆளு உக்காரலன்னு அர்த்தம்.”

சொல்லிவிட்டுச் சிவப்புச் சீட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் அதை அறுக்கத்தான் நினைத்தார். ஆனால் அன்றைக்கு எல்லாரும் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். நின்று குடித்தவர்கள் சட்டென்று கிளம்பினார்கள். பேப்பரை விரித்து ஒரு டீக்கு இரண்டு மணி நேரம் அரசியல் பேசுகிற கூட்டம் கால் வலித்துக் கலைந்தது. ஒரு வாரத்தில் வியாபாரம் ஏறிவிட்டது. அடுத்த சோதனைக்கு வந்த செவப்புச்சீட்டிடம், “பெஞ்சு இன்னும் ஆடுதுங்க, நல்லாவே ஆடுதுங்க, சீட்டு இருக்கட்டுங்க” என்று கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு கட்சிப் பொதுக்கூட்ட மேடை. மேடையில் நாற்பது நாற்காலி, கீழே முப்பது ஆள். செவப்புச்சீட்டு மேடைக்கு அடியில் புகுந்து வெளியே வந்து, “பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது” என்று எழுதி மாட்டிவிட்டார். ‘ஏறவே கூடாது’ என்று எழுதியிருந்தால்கூடக் கட்சி பிழைத்திருக்கும். எந்தப் பன்னிரண்டு பேர் என்பதில் பிரச்சினை வந்தது. ஒன்றியம் ஏறினால் நகரம் ஏறும். நகரம் ஏறினால் மகளிரணி சும்மா இருக்குமா? ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டத்தில் ஏழு மணிக்கு மேடையில் மைக் செட்காரர் மட்டும் “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று பேசிக்கொண்டிருந்தார். அன்று நடந்த உரைகளிலேயே அதுதான் சுருக்கமானது, கருத்துப் பிழை இல்லாதது.

இன்னொரு முறை, பெண் பார்க்க வருகிற வீட்டு பால்கனியில் சீட்டு மாட்டிவிட்டார். கொரோனாக் காலத்தில் வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவிப்பு யாருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று சிவப்பு அட்டையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பை பையாகத் தேடி மாஸ்க் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட மட்டும் கழற்றினார்கள். பெண்ணின் அப்பா அடுத்த நாள் செவப்புச்சீட்டைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். வாசலில் அவர் மனைவி, “ஏங்க, ஒங்க வீட்டுல பால்கனிலதான மாட்டுனாரு? எங்க வீட்டுல கட்டுலுக்கே மாட்டிட்டாருங்க. ரெண்டு வருசமா பாயிலதான் படுக்குறேன்” என்றதும், வந்தவர் கோபத்தை மறந்து ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவருடைய ஆயுதங்கள் நான்கு: ஒரு திருப்புளி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு கோலிக்குண்டு, ஒரு எவர்சில்வர் சொம்பு. மரப் பலகையைத் திருப்புளியால் குத்துவார். உள்ளே போனால் பலகை உளுத்துவிட்டது. இரும்பைச் சுத்தியலால் தட்டுவார். துரு உதிர்ந்தால் உதடு பிதுங்கும். கோலிக்குண்டைத் தரையில் விட்டால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது ஓடிக் காட்டும். சொம்புதான் முக்கியம். மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே அதை நுழைத்துப் பார்ப்பார். சொம்பு வெளியே போனால் பிள்ளையின் தலை வெளியே போகும் என்பது அவர் கணக்கு. எந்த வீட்டு மாடியைப் பார்த்தாலும் சொம்போடு படியேறுவார். காலை நேரத்தில் சொம்போடு ஒருவர் படியேறினால் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை.

இனி அந்த ஆவணி மாதத்துக்கு வருகிறேன்.

என் தங்கை செல்வியின் கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். எங்கள் தெருக் கடைசியில் வீடு கட்டினார். கட்டினார் என்றால், அவர் அங்கே இருந்தார், வீடு இங்கே எழும்பியது. மேஸ்திரியை மேய்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்குக் கட்டட வேலை தெரியாது. தெரிந்தது எழுதுவது. ஆகவே ஒவ்வொரு நாளும் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், என்ன செய்தார்கள், வெயிலா மழையா, வேலையாட்களுக்கு என்ன வடை என்பதுவரை தேதி போட்டு எழுதினேன். மூன்று நோட்டுப் புத்தகம். வாரத்துக்கு ஒருமுறை போனில் மாப்பிள்ளைக்கு வாசிப்பேன். “சூப்பர் மச்சான்” என்பார். நடுவில் அவர் தூங்கிவிட்டதை இரண்டு முறை குறட்டையால் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்கும் தேதி இருக்கிறது.

வீடு முடியும் தறுவாயில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. அங்கே ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏ.சி. மாட்டப் போனபோது, மாடி ஹாலுக்கு வெளியே மரப் பலகை போட்ட திறந்த தளம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். டெக் என்று பெயராம். எங்கள் தலைமுறைக்கு டெக் என்றால் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த பெட்டி. இது வேறு. போட்டோ எடுத்து வெல்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வெல்டர் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அதே மாதிரி செய்தார். உள் ஓரத்து இரும்புச் சட்டம், சேனல் என்பார் வெல்டர், வீட்டுச் சுவரில் போல்ட் போட்டு நின்றது. வெளி ஓரத்துக்கு இரண்டு குழாய்த் தூண். நடுவில் இருபதடி நீளத்துக்குப் பலகை. அந்த ஊரில் மழை பெய்யாது, இந்த ஊரில் பெய்யும் என்பதைத் தவிர எல்லாமே அசல்.

மாப்பிள்ளை இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தார், மகளுக்குக் காது குத்த. பாப்பாவுக்கு மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டாயிற்று. காதுகுத்தை மட்டும் வீட்டில், டெக்கில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். தாய்மாமன் என்ற முறையில் நான் நடுவில் உட்கார வேண்டும், என் மடியில் பாப்பா, சுற்றிலும் சீர் தட்டு ஏந்திய சொந்தபந்தம் எண்பது பேர், மேலே டிரோன். “பத்திரிகையிலயே போட்டாச்சு மச்சான். எடம்: எங்கள் இல்ல டெக்.”

செல்விக்கு ஒரே ஒரு பயம்தான். “அண்ணே, ஞாயித்துக்கிழம வரைக்கும் அந்தச் செவப்புச்சீட்ட மட்டும் இங்கிட்டு வரவிடாதீங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

நான் அவரைக் கறம்பக்குடிக்கு அனுப்பினேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஏணி மோசமாக இருப்பதாகச் சொல்லி, இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஏணி நல்ல ஏணி. போன அன்று மாலையே திரும்பிவிட்டார். ஏணிக்குச் சீட்டு மாட்டிவிட்டு, வந்த பஸ்ஸின் பின்னால் கூரைக்கு ஏறும் ஏணிக்கும் ஒன்று மாட்டியிருந்தார். கண்டக்டர் அவரைக் கடைசி நிறுத்தத்துக்கு முன்னாலேயே மரியாதையாக இறக்கிவிட்டிருக்கிறார். அங்கிருந்து நடந்து வரும் வழியில்தான் எங்கள் தெருக் கடைசியில் டெக்கைக் கவனித்திருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை 7.10க்கு மாட்டிய சீட்டை 7.25க்கு மாப்பிள்ளை கிழித்தார். 7.30க்கு இன்னொன்று தொங்கியது. எட்டு மணிக்குள் ஐந்து சீட்டு. ஆறாவதை மாட்டும்போது நான் போய்ச் சேர்ந்தேன்.

“அண்ணே, நான் நாப்பதாவது மாடில தொங்கிக்கிட்டு ஏ.சி. மாட்டுனவன். எனக்கே ஒசரம் சொல்லித் தாரீங்களா?” மாப்பிள்ளை கத்தினார்.

“தொங்குனீங்க. அந்தக் கயிற யாரு பாத்துவிட்டா? என்னைய மாதிரி ஒருத்தன்தான?”

“இது என் வீடு!”

“வீட்டப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலயே. வீட்ட விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே, அதப் பத்தித்தான் சொல்றேன்.”

சொம்பு கம்பிக்குள் போகவில்லை; அதை மனசில்லாமல் ஒப்புக்கொண்டார். பலகையில் மூன்று இடத்தில் திருப்புளி இறங்கியது. சுவர் ஓரமாக ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் சொட்டிச் சொட்டிச் சேனல் முழுக்கத் துரு. ஏ.சி. மெக்கானிக் வீட்டு ஏ.சி. தண்ணீர்! மாப்பிள்ளை அந்த இடத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்து, செவப்புச்சீட்டு சட்டைப் பையிலிருந்து காதுகுத்துப் பத்திரிகையை எடுத்தார். சுவருக்கும் இரும்புச் சேனலுக்கும் நடுவே நுழைத்தார். பிள்ளையார் படம், பாப்பா படம், ‘இடம்: எங்கள் இல்ல டெக்’ எல்லாம் உள்ளே போய்விட்டது.

“சேனல் செவுத்தோட ஒட்டி இருக்கணும். பத்திரிக உள்ள போகுது. நாளன்னைக்கு எண்பது பேரு நின்னா என்னென்ன போகும்னு பாருங்க.”

மாப்பிள்ளை வெல்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “பதினாறு போல்ட்டுண்ணே! யானையே ஏறலாம்!”

“யான ஏர்றதப் பத்தி எனக்குக் கவல இல்ல,” என்றார் செவப்புச்சீட்டு போனைப் பார்த்து. “அது எப்பிடி எறங்கும்கிறதுதான் கேள்வி. செவுத்துக்குள்ள என்ன இருக்கு?”

கான்கிரீட் பீம் என்றார் வெல்டர். செங்கல் என்றார், சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி. மாப்பிள்ளை கடவுள் என்றார், கோபத்தில். பூச்சை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் விசேஷ வீட்டில், பெயின்ட் அடித்த சுவரில், வெள்ளிக்கிழமை காலையில் கடப்பாரை வைக்க எந்தப் பெண்பிள்ளை சம்மதிப்பாள்? செல்வி வாசற்படியில் நின்று பார்த்த பார்வையில் நான்கு பேரும் சுத்தியலைத் தேடாமல் நின்றோம்.

செவப்புச்சீட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க எல்லாத்தையும் எழுதுவீங்களாமே? கொண்டாங்க.”

என் நோட்டுப் புத்தகங்களை அதுவரை யாரும் கேட்டதில்லை. கொண்டுவந்தேன். போர்ட்டிகோவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டெக் சம்பந்தப்பட்ட பக்கத்துக்கு நேராகப் போகாமல், முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஒரு வரிகூட விடவில்லை. நடுநடுவே தனக்குத்தானே சிரித்தார்.

“மாசியில ஒங்களுக்கு வயித்துப்போக்கு வந்துருக்கு.”

“அதெல்லாம் விட்டுட்டுப் படிங்கண்ணே.”

“விடக் கூடாதுங்க. அதுக்கு முந்துன நாளு பருப்புவடைன்னு போட்டுருக்கு. அந்தக் கடைக்கு ஒரு சீட்டு மாட்டணும்.”

ஒரு மணி சுமாருக்கு, மூன்றாவது நோட்டில், விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பது பக்கம் முன்னால் புரட்டினார். பிறகு இரண்டையும் சத்தமாகப் படித்தார்.

முதலாவது: “சித்திரை, வியாழன். வாஸ்து பார்ப்பவர் வந்தார். மாடி ஹாலில் கதவுக்கு இடப்பக்கம் உள்ள ஆளுயர ஜன்னல் ஆகாது என்றார். எடுத்துவிட்டு, ஓட்டையை ஹாலோ பிளாக் கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். டெக் ஹாலைவிட ஒரு படி உயரமாக வர வேண்டும் என்றும் சொன்னார். கடும் வெயில். உளுந்துவடை.”

இரண்டாவது: “ஆனி, திங்கள். டெக் சட்டம் மாட்டினார்கள். கதவுக்கு இடப்பக்கம் துளை போடுவது வெண்ணெய் மாதிரி இருப்பதாக வெல்டர் மகிழ்ந்தார். எட்டு போல்ட் அரை மணியில் முடிந்தது. வலப்பக்க எட்டுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. தூறல். மசால்வடை.”

ஹாலோ பிளாக் என்பது உள்ளே வெறும் ஓட்டையாக இருக்கும் சிமெண்ட் கல். ஒரு படி உயர்த்தியதால் போல்ட்டுகள் பீமைத் தாண்டிச் சுவருக்குப் போயிருந்தன. அதிலும் பாதி, அடைத்த ஜன்னலுக்குள் போயிருந்தன. இரண்டு குறிப்பையும் எழுதியவன் நான்தான். எந்த வடை என்பதில்கூடத் தவறு விடாமல் எழுதியவன். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. வெல்டர் ஏன் மகிழ்ந்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

மாப்பிள்ளை டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “மச்சான், அங்க எனக்குப் படுக்க ஆறடிக்கு ரெண்டடி. மேல் கட்டுலு. எந்திரிச்சா தல இடிக்கும். ராத்திரி படுத்துக்கிட்டு போன்ல இந்த டெக்கு போட்டோவத்தான் பாப்பேன். இதுல எல்லாரையும் ஒருதடவ நிக்க வச்சுப் பாக்கணும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம். தாங்கிராதா?”

செவப்புச்சீட்டு உடனே பதில் சொல்லாத சந்தர்ப்பம் என் குறிப்புகளில் இது ஒன்றுதான் இருக்கிறது. கடைசியில், “தாங்கினாலும் தாங்கும்” என்றார். “அந்த ‘தாங்கினாலும்’ மேல பாப்பாவ உக்கார வைக்கணுமா?”

மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை முழுக்க என்னிடம் பேசவில்லை. டெக்கின் தூண்களில் சீரியல் விளக்கு மட்டும் கட்டப்பட்டது. விசேஷம் மேலேதான் என்று பந்தல்காரரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் சீரோடு போனேன். தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, சாக்லேட் என்று தட்டுத் தட்டாக வரிசை. முன்னால் மேளம். நடுவில், கழுத்தில் மாலையும் கொம்பில் மஞ்சள் துணியும் கட்டிய ஒரு கிடாய். தாய்மாமன் சீரில் கிடாய் இல்லாவிட்டால் எங்கள் பக்கம் பத்து வருடத்துக்குப் பேசுவார்கள்.

வீட்டுக்கு வெளியே உள்ள மாடிப்படியின் முதல் படியில், இரண்டு கையையும் விரித்து, மடியில் சொம்போடு செவப்புச்சீட்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து அப்படியே இருக்கிறாராம். அவரை விலகச் சொல்லி மாப்பிள்ளையின் சித்தப்பா கெஞ்சினார், பெரியப்பா மிரட்டினார். ஒரு அத்தை, “யோவ், காலங்காத்தால சொம்ப வச்சுக்கிட்டு வழிய மறிச்சு உக்காந்திருக்கியே, நல்ல காரியம் நடக்குற வீடுய்யா!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“நல்ல காரியம் நல்லபடியா முடியணும்னுதான் உக்காந்திருக்கேன் ஆத்தா.”

அந்த நேரத்தில்தான் மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். கிடாய் மிரண்டது. கயிற்றை உருவிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்து, செவப்புச்சீட்டின் தலைக்கு மேலே ஒரே தாவு. நேராக மாடி, நேராக டெக். கைப்பிடிக் கம்பி ஓரத்தில் நின்று, மாலையோடு, எங்களைக் குனிந்து பார்த்தது. இருபது வருட அனுபவத்தில் சிவப்புச் சீட்டைத் தாண்டி ஏறிய முதல் உயிர் அதுதான் என்று பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

“பாத்தீங்களா! ஆடு நிக்குது! ஒண்ணும் ஆகல!” மாப்பிள்ளை துள்ளினார்.

“ஆடு ஒண்ணுதான நிக்குது,” என்றார் செவப்புச்சீட்டு, தலையில் குளம்பு பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே. “அதுவும் போட்டோவுக்கு நிக்கல. ஒங்க சொந்தக்காரங்க எண்பது பேரும் டிரோனப் பாத்ததும் ஒரே ஓரமா முட்டிக்கிட்டு நிப்பாங்க. மொகம் தெரியணுமே!”

இது உண்மை என்று அங்கிருந்த எண்பது பேருக்கும் தெரியும். போன கல்யாண போட்டோவில் யார் யாரை மறைத்தார்கள் என்று அந்த நிமிஷமே ஒரு மூலையில் பேச்சுத் தொடங்கிவிட்டது.

காது குத்த வந்த ஆசாரி நேரம் போகிறது என்றார். மாப்பிள்ளை செவப்புச்சீட்டின் தோளில் கை வைத்தார். தள்ளப்போகிறார் என்று தெரிந்தது. நான் தைரியசாலி இல்லை. தங்கையின் கணவரை எண்பது பேர் முன்னால் மறுத்துப் பேசிய வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் படிக்கு எதிரே விரித்திருந்த ஜமுக்காளத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“மாப்ளே, நீங்க எல்லாரும் மேல போங்க. என் மடி இங்கதான் இருக்கும்.”

“என்ன மச்சான் வெளையாடுறீங்க? தாய்மாமன் மடியில்லாம எப்பிடிக் காது குத்துறது?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். வேறு மடிக்கு வழியில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். “எனக்கென்னங்க, மடி எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுத்தான் காது.” செல்வி பாப்பாவைக் கொண்டுவந்தாள்.

“கொஞ்சம் இருங்க,” என்றது ஒரு குரல்.

செவப்புச்சீட்டு அன்று விடிந்ததிலிருந்து முதல்முறையாகப் படியை விட்டு எழுந்தார். ஜமுக்காளத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். தரையைக் குதிகாலால் இரண்டு தட்டு. என் இரண்டு முழங்காலையும் பிடித்து ஆட்டினார். கூட்டம் சிரித்தது, மாப்பிள்ளைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பச்சைச் சீட்டை எடுத்து, எழுதி, என் சட்டைப் பொத்தானில் மாட்டினார்.

“ம், ஏத்துங்க.”

பாப்பா ஏறினாள். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே அழுகையில் முடித்துவிட்டாள்.

டிரோன் போட்டோ செல்வி வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. நடுவில், டெக்கின் ஓரத்தில், மாலையோடு விழாத் தலைவர் மாதிரி கிடாய். கீழே எண்பது பேரும் அண்ணாந்து பார்க்கிறோம். எல்லார் முகமும் தெளிவாகத் தெரிகிறது.

மாப்பிள்ளை லீவு முடிந்து போவதற்கு முன்னால் டெக்கைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றிய அன்று நான் ஆவூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இடப்பக்க போல்ட்டுகளைக் கழற்ற உயிர் போய்விட்டது என்று வெல்டர் சொல்கிறார். மூன்று போல்ட் கையோடு வந்தன என்று செவப்புச்சீட்டு சொன்னார். அந்த ஒரு நாளுக்கு என் நோட்டில் கல்யாணச் சாப்பாடு மட்டும்தான் இருக்கிறது. இப்போது மாப்பிள்ளை அங்கே இரவில் படுத்துக்கொண்டு கிடாய் போட்டோவைப் பார்க்கிறாராம்.

செவப்புச்சீட்டு போன வருடம் திருப்பூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். நான்காவது மாடி. அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இங்கே தெருவில் இப்போது யார் மாடியில் யார் வேண்டுமானாலும் சாய்ந்து நிற்கிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கிறது. என் நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பச்சைச் சீட்டு சிவப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவர் மாட்டிய ஒரே பச்சை. தேதி போட்டிருக்கிறார், நேரம் போட்டிருக்கிறார். ‘அடுத்த சோதனை’ என்ற இடத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை. டீக்கடை பெஞ்சுக்குக்கூட ஏழு நாள் கழித்து என்று எழுதியவர். அவசரத்தில் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது உறுதி செய்யப்படவில்லை. அவர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.